எடின்பரோவில் ஒரு சனிக்கிழமை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். இங்கே பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் 2008-ல் ஏழாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க டீச்சர், ஊறுகாய் கதையை மட்டும் விட்டுராதீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் அம்மா பீடி சுற்றி வளர்த்த பிள்ளை. அப்பா அவள் பத்தாவது படிக்கும்போதே தவறிவிட்டார். நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் எட்டாவது வரை படித்து, பிறகு தென்காசியில் பன்னிரண்டாவது, தூத்துக்குடியில் ஜியாலஜி. 2018-ல் பாதி உதவித்தொகை, பாதி பேங்க் கடனில் ஸ்காட்லாந்து எடின்பரோவுக்கு ஒரு வருட எம்.எஸ்சி. படிக்கப் போனாள். அதற்கு முன் அவள் திருவனந்தபுரம் தாண்டியதில்லை. அங்கும் விசா வேலையாகத்தான் போயிருந்தாள்.

அவள் போய் இறங்கிய அந்தச் சனிக்கிழமை எனக்கும் மறக்காது. நம் நேரத்துக்கு மத்தியானம் மூன்று மணிக்கு விமானம் இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தாள். ஆறு மணிக்கு அவள் அம்மா பீடித்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "டீச்சர், பிள்ளை எறங்கிட்டேன்னு ஒரு போன் போடலியே" என்றாள். விமானம் தாமதமாகியிருக்கும், சிம் வாங்கியிருக்க மாட்டாள் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த சமாதானங்களைச் சொன்னேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு லேண்ட்லைன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்டிய இலை அப்படியே இருந்தது. அன்று ஒரு பீடிக்குக்கூட நூல் கட்டவில்லை. எட்டே முக்காலுக்குத்தான் மணி அடித்தது.

அந்தப் பகலில் அங்கே என்ன நடந்தது என்பதை ஏழு வருடம் கழித்து இப்போதுதான் முழுதாகச் சொன்னாள். போனில் அன்று, "எல்லாம் நல்லா இருக்கும்மா, பேட்டரி தீர்ந்துட்டு" என்று முடித்துவிட்டிருந்தாள்.

முதல் குளறுபடி இங்கேயே தொடங்கிவிட்டது. பல்கலைக்கழக விடுதியில் அறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று சனிக்கிழமை போய் இறங்கும்படி வாங்கிவிட்டாள். ஒரு ராத்திரிக்கு மட்டும், பைக்காரர்கள் தங்கும் மலிவு விடுதி ஒன்றில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் பதிவு செய்திருந்தாள். விடுதி இருந்த தெருவின் பெயர் கௌகேட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வரும். மாடுகளை ஓட்டிப் போன தெரு என்று அர்த்தமாம். அந்த ஊர்ப் பழைய பேச்சில் 'கேட்' என்றால் வாசல் இல்லையாம், தெருவாம். நானும் கேட் என்றால் கதவு என்றுதான் உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் ஒரு காப்பி வாங்கிப் பெரிய நோட்டை நீட்டியிருக்கிறாள். மீதிப் பணத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நோட்டில் ராணி படம் இல்லை. யாரோ ஒரு ஆண் படம், அச்சும் வேறு மாதிரி. அப்போதெல்லாம் நாம் ஊரிலிருந்து மாற்றிக்கொண்டு போன பவுண்டு நோட்டில் எலிசபெத் ராணி இருந்தார். அதனால் கள்ளநோட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். உண்மையில் ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அச்சடிக்கின்றன. படத்தில் இருந்தவர் சர் வால்டர் ஸ்காட், நாவலாசிரியர். கடைக்காரப் பெண்ணிடம் "இது என்ன நோட்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. நோட்டை நான்காக மடித்துப் பையின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு டிராம் ஏறிவிட்டாள்.

டிராமை விட்டு இறங்கி நடந்தால், எதிரே அறுபது மீட்டர் உயரத்தில் கறுத்துப்போன கோபுரம் ஒன்று. கோயில் என்று நினைத்திருக்கிறாள். அது அதே வால்டர் ஸ்காட்டுக்குக் கட்டிய நினைவுச் சின்னம்! பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையத்துக்கும் அவர் எழுதிய 'வேவர்லி' நாவலின் பெயர்தான். பையில் அவர் படம் போட்ட நோட்டைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்துக்கொண்டு அவருடைய கோபுரத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு பெரிய ஹோட்டலின் மணிக்கூண்டு. அதைப் பார்த்து, கையில் கட்டியிருந்த அப்பாவின் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டாள். அந்த மணிக்கூண்டு வேண்டுமென்றே மூன்று நிமிடம் வேகமாக வைக்கப்பட்டது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் தவறவிடக் கூடாது என்பதற்காக. வருடத்தில் டிசம்பர் 31 அன்று மட்டும் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் நம் தலைமையாசிரியர் ஒருவரும் இதையே செய்தார், ஆபீஸ் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார். அவர் எந்த நாளிலும் திருப்பி வைத்ததில்லை.

கடிகாரம் ஒன்று மூன்று காட்டும்போது 'டமார்' என்று காதைப் பிளக்கும் சத்தம். இவள் பெட்டியை விட்டுவிட்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த போன் கல்தரையில் விழுந்து முகம் முழுக்கக் கீறல். சுற்றிப் பார்த்தால் யாரும் ஓடவில்லை. ஒருவர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். கோட்டையிலிருந்து தினமும் மத்தியானம் சரியாக ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். கடலில் நிற்கும் கப்பல்கள் நேரம் பார்த்துக்கொள்வதற்காக 1861-ல் தொடங்கிய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் நாட்களில் மட்டும் கிடையாது. முன்பு நம் பக்கம் மில்லில் சங்கு ஊதினால் அடுப்பில் உலை வைப்பார்களே, அந்த மாதிரி. இவள் ஒரு நாள் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் போன் தப்பித்திருக்கும்.

இனிதான் பெரிய கதை.

கீறல் விழுந்த போனில் வரைபடம் நன்றாகவே தெரிந்தது. ஊரிலிருந்தே இறக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறாள், கெட்டிக்காரி. பெட்டியை இழுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி, நேரே நடந்தாள். இரண்டு பக்கமும் கடைகள், பஸ்கள், கூட்டம். கௌகேட் வந்துவிட்டது என்று நீலப்புள்ளி காட்டுகிறது. நிமிர்ந்து பார்த்தால் தெருப் பலகையில் வேறு பெயர், சவுத் பிரிட்ஜ். கௌகேட்டைக் காணவில்லை. பத்தடி முன்னால் போனால் புள்ளி தாண்டிவிடுகிறது, திரும்பி வந்தால் மறுபடியும் 'இங்கேதான்' என்கிறது.

மழை பிடித்துவிட்டது. குடையை விரித்தாள். காற்று அதை ஒரே தூக்கில் மேல்நோக்கிப் புரட்டிவிட்டது, கம்பிகள் மட்டும் கையில். சரி, அடுத்த தெரு வழியாகப் போய்ப் பார்ப்போம் என்று மியூசியம் இருக்கும் தெருவில் திரும்பி, வலது கைப்பக்கம் மறுபடி திரும்பி நடந்தாள். அங்கேயும் நீலப்புள்ளி கௌகேட்டைத் தொட்டது, அங்கேயும் தெருவைக் காணோம். அப்படியே மேலே போனால் பழைய பெரிய தெரு, முழுக்கக் கல் பதித்தது. நம் ஊர்த் தேரோடும் வீதியில் கல் பாவினால் எப்படி இருக்கும், அப்படி. பெட்டியின் ஒரு சக்கரம் அங்கே கழன்று சரிவில் உருண்டு போய்விட்டது. முனையில் ஒரு சிலை. வருகிறவர்கள் எல்லாம் அதன் கால் பெருவிரலைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள், அந்த விரல் மட்டும் தங்கம் மாதிரி மின்னுகிறது. டேவிட் ஹியூம் என்ற தத்துவ அறிஞர். எதையும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். அவர் விரலைத் தொட்டால் படிப்பு வரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். இவளும் தொட்டிருக்கிறாள், "டீச்சர், வழி தெரிஞ்சா போதும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

அப்படியே சுற்றி மறுபடியும் சவுத் பிரிட்ஜ். இந்தச் சதுரத்தையே ஒற்றைச் சக்கரப் பெட்டியோடு மழையில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறாள். மூன்று மணி நேரம்.

விஷயம் என்னவென்றால், அந்தத் தெரு அவளுடைய காலுக்கு அடியில் இருந்தது. எடின்பரோவின் பழைய ஊர் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தில் ஓடுவதுதான் கௌகேட். அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போக 1788-ல் சவுத் பிரிட்ஜ் என்ற பாலத்தைக் கட்டினார்கள். பத்தொன்பது வளைவுகள். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிப் பல மாடிக் கட்டடங்கள் எழுப்பியதால், அவற்றில் ஒரே ஒரு வளைவுதான் இன்று வெளியே தெரிகிறது. நடக்கிறவர்களுக்குப் பாலத்தில் நடக்கிறோம் என்றே தெரியாது, கடைத்தெரு என்றுதான் தோன்றும். அவள் சுற்றிப் போன இன்னொரு தெருவின் பெயர் நான்காம் ஜார்ஜ் பாலம். அதுவும் அதே கௌகேட்டுக்கு மேலேதான் போகிறது. ஆக, தேடிய தெருவை அவள் நாலு முறை கடந்திருக்கிறாள், நாலு முறையும் தலைக்கு மேலாக. வரைபடம் பொய் சொல்லவில்லை. மேலே, கீழே என்பதைத்தான் காட்டவில்லை.

மூன்றரை மணிக்குப் போன் அணைந்துவிட்டது. அதன்பிறகுதான் பாலத்தில் கட்டடம் இல்லாத ஓர் இடைவெளியில், கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிக் கீழே பார்த்திருக்கிறாள். வெகு கீழே ஒரு தெரு, அதில் ஆட்கள் நடக்கிறார்கள். "கிணத்துக்குள்ள ஒரு ஊரைப் பார்த்த மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்றாள். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். நனைந்த தலை, அழுத முகம், பக்கத்தில் உடைந்த பெட்டி. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்?

ஒரு வயதான அம்மாள், சக்கரம் வைத்த காய்கறிப் பையோடு வந்தவர், ஓடிவந்து இவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆர் யூ ஆல்ரைட், ஹென்?" என்று கேட்டிருக்கிறார்.

இவளுக்கு அழுகையோடு கோபமும் வந்துவிட்டது. ஹென் என்றால் கோழி. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், படத்தோடு. 'நனைஞ்ச கோழி மாதிரி நிக்கேன்னு கிண்டல் பண்ணுதாங்க' என்று நினைத்திருக்கிறாள். அந்த ஊரில் பெண் பிள்ளைகளை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நாம் 'கண்ணு', 'தங்கம்' என்கிறோமே, அதுபோல. கொஞ்சம் கழித்து இன்னொரு ஹென் வந்தபோது அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்ததாம்.

இவள் முகவரி எழுதிய தாளை நீட்டினாள். அந்த அம்மாள் படித்துவிட்டு, தரையைக் காலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டிச் சிரித்திருக்கிறார். பிறகு பெட்டியின் சக்கரம் போன பக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு, செங்குத்தான ஒரு சந்து வழியாக இறங்கி, விடுதி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். ஐந்து நிமிட நடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் என்கிறாள். பெயர் கேட்டுக்கொள்ளவில்லையே என்று இன்றுவரை வருத்தம். பல மாதம் அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் காய்கறிப் பையைத் தேடுவாளாம்.

விடுதியில் சார்ஜர் கடன் கொடுத்தார்கள். ஆனால் போன் உயிர் பெற நேரமாகும் போலிருந்தது. அங்கிருந்த போனில் பேசச் சொன்னார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் எங்கள் வீட்டு லேண்ட்லைன்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் அவள் எழுதிய எண் அது. அதுதான் அந்த எட்டே முக்கால் மணி. கள்ளநோட்டையும் அங்கேதான் நடுங்கிக்கொண்டே நீட்டினாளாம், வாங்கினவர் இரண்டாம் முறை பார்க்காமல் கல்லாவில் போட்டுவிட்டார்.

ஊறுகாய்? பெட்டியைத் திறந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் உடைந்து எண்ணெய் முழுக்கப் பரவி, இருந்த ஒரே ஸ்வெட்டரும் சர்டிபிகேட் ஃபைலும் ஊறிக் கிடந்தன. அந்த எட்டுப் பேர் அறை முழுக்க வாசனை. கட்டிலுக்குக் கட்டில் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள். ஒரு பெண் மட்டும் மோந்து பார்த்துவிட்டு ரொட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம். அவள் மெக்சிகோக்காரி. உடைந்த கண்ணாடி படாத அடி ஊறுகாயைப் பொறுக்கி இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் எண்ணெய் மினுங்கும் மார்க் ஷீட்டைத்தான் கொடுத்தாளாம்.

இவ்வளவையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, நானும் என் வீட்டுக்காரரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் நான் கேட்டேன்: "ஏட்டி, மூணு மணி நேரம் சுத்தியிருக்கே. அவ்வளவு பேரு போறாங்க வாறாங்க, ஒருத்தர்கிட்ட கேக்கத் தோணலியா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கேட்டா அதிகப்பிரசங்கின்னுருவாங்களோன்னுதான், டீச்சர்."

என்னால் அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

2008-ல் நம் பள்ளியில் ஆள் பற்றாக்குறை. அறிவியல், சமூக அறிவியல் இரண்டும் என் தலையில். பாறைகளின் வகைகள் என்று ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. இரண்டு நாளில் ஏ.இ.ஓ. ஆண்டாய்வு. பாடக்குறிப்பு பாதிதான் எழுதியிருந்தேன், சார்ட் ஒட்டவில்லை. இந்தப் பிள்ளை எழுந்து நின்றாள். "டீச்சர், தீப்பாறை முதல்ல வந்துச்சா, படிவுப் பாறை முதல்ல வந்துச்சா? அதை யாரு பார்த்துச் சொன்னா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரிய அதிகப்பிரசங்கி! புத்தகத்துல இருக்கிறதை முதல்ல படி. உக்காரு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குள் அவளுக்கு 'பிரசங்கி' என்று பெயர் வந்துவிட்டது. எட்டாவது முடிக்கும் வரை அந்தப் பெயர் இருந்தது. அதன்பிறகு என் வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நான் அதைக் கவனித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. கவனித்திருந்தால் 'அடக்கமான பிள்ளை' என்று சந்தோஷப்பட்டிருப்பேன். அப்படித்தான் அவள் அம்மாவிடம் சொல்லவும் செய்தேன்.

ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு பாடமே உண்டு. மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது, நாளை பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

திண்ணையில் அவளிடம் சொன்னேன். "எனக்கு அன்னைக்குப் பதில் தெரியாதுட்டி. அதான் திட்டிட்டேன்."

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும் டீச்சர். அன்னைக்கே தெரியும்" என்றாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். எடின்பரோ நடுவிலேயே அணைந்துபோன ஓர் எரிமலை இருக்கிறது, ஆர்தர்ஸ் சீட் என்று பெயர். ஏறக்குறைய 34 கோடி வருடத்துக்கு முந்தியது. கோட்டை நிற்கும் பாறையும் எரிமலையின் தொண்டையில் இறுகிய குழம்புதான். ஆர்தர்ஸ் சீட்டின் பக்கத்தில் சாலிஸ்பரி கிராக்ஸ் என்ற செங்குத்துப் பாறைச் சுவர். 18-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர் ஜேம்ஸ் ஹட்டன் அங்கே ஓர் இடத்தைக் கவனித்தார். அடுக்கடுக்கான படிவுப் பாறைக்குள் தீக்குழம்பு நுழைந்து, அடுக்குகளை உடைத்து மேலே நெம்பியிருக்கிறது. அதுவரை பெரிய படிப்பாளிகள் பலர், தீப்பாறை என்று நாம் சொல்லும் கடினப் பாறைகளெல்லாம் ஆதியில் கடல் நீரிலிருந்து படிந்தவை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"மடிச்சு அடுக்கின சேலைக்கு நடுவுல கையை நுழைச்சா மேல் சேலை தூக்கிக்கிட்டு நிக்கும்லா டீச்சர்? அப்போ சேலை முந்தி, கை பிந்தி. அந்த இடத்துல படிவுப் பாறைதான் முந்தி, தீப்பாறை பிந்தி. வேற இடத்துல மாறியும் இருக்கும். யாரும் நேர்ல பார்க்கலை. உடைஞ்ச விளிம்பைப் பார்த்துத்தான் சொன்னாங்க."

முதல் வாரத்திலேயே அவர்கள் வகுப்பை அந்த இடத்துக்குக் கூட்டிப் போனார்களாம். பேராசிரியர், எது முந்தி என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். இவளுக்குத் தெரிந்திருந்தும் கை தூக்க வரவில்லை. டிசம்பர் வரைக்கும் வரவில்லை என்றாள்.

"சரி, 34 கோடி வருஷம்னு எப்படிட்டி கணக்குப் போட்டாங்க?" என்று கேட்டேன். அவள் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டேன். பத்திரிகை கொடுக்க இன்னும் எட்டு வீடு பாக்கி என்று அவள் அம்மா வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த மாதம் கல்யாணம். அந்த வகுப்புப் பிள்ளைகள் நிறையப் பேர் வருவீர்கள் என்று தெரியும். மேடை ஏறி, பழைய பாசத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அதை வைத்தது நான். மாப்பிள்ளை வீட்டார் யாராவது "அது என்ன பேரு?" என்று கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.